ஏழுக்குப் பக்கத்துக் கறை

அண்ணே,

நகத்துக்குச் சாயம் போடுகிற பெண் இன்று காலை என் வாசலுக்கு நேராகக் கூடையை இறக்கிவிட்டாள். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, எதிர்வீட்டு மருமகளின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு பழைய சாயத்தைத் துடைத்தாள். துடைக்கிற மருந்தின் நெடியும் புதுச் சாயத்தின் வாசனையும் சேர்ந்து உள்ளே வந்தன. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போட்டது போட்டபடி எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன்.  ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அந்த வாசனை எனக்கு ஆகாது.

அப்பாவின் கைக்கடிகாரத்தை நீ சைகோனின் சீனர் பேட்டையான சோலோனிலிருந்து கொண்டுவந்து என் மடியில் போட்ட அன்று, அதிலிருந்து வந்ததும் இதே வாசனைதான்.

நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். எட்டு வயது மூத்தவன், வேறு எப்படிக் கூப்பிடுவது? இப்போது 'நீ' என்கிறேன். செத்த பிறகு மரியாதை குறைந்துவிட்டதே என்று நினைக்காதே. இருக்கும்போதே குறைந்துவிட்டது. அது வாயில் வருவதற்கு இவ்வளவு நாளாயிற்று.

கடிகாரம் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், பின்னால் நீ ஊரெல்லாம் பாதிக் கதை மட்டும் சொன்னவன். அப்பா துவானில், அதாவது சுங்க அலுவலகத்தில், குமாஸ்தா. காரைக்காலிலிருந்து வந்து முப்பது வருடம் அங்கேயே எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய மேலதிகாரி, ஒரு பிரெஞ்சுக்காரர், ஊருக்குக் கப்பலேறுகிற அன்று தன் கையிலிருந்து கழற்றி அப்பா கையில் கட்டிவிட்டார். சுவிஸ் கடிகாரம். வெள்ளி நிற டயல், மெல்லிய எண்கள், ஆறு இருக்க வேண்டிய இடத்தில் வினாடிக்கென்று தனியாக ஒரு சின்ன வட்டம். தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுக்கிற வேலை என்னுடையது. நீ ஒரு நாளும் கொடுத்ததில்லை.

ஆயுத பூஜைக்கு அப்பா பேனாவையும் முத்திரைக் கட்டையையும் கடிகாரத்தையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்பார். எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது சந்தனம் கரைத்துப் பொட்டு வைக்கச் சொன்னார். நான் தண்ணீராகக் கரைத்துவிட்டேன். கடிகாரக் கண்ணாடியின் ஓரம் கொஞ்சம் தளர்ந்திருந்தது; பொட்டு வழிந்து அந்த இடுக்கில் இறங்கியது. நான் பார்த்தேன். துடைக்கலாம் என்று கை போயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கிற வரைக்கும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே, அதனால் கையை இழுத்துக்கொண்டேன். விஜயதசமியன்று எடுத்துப் பார்த்தபோது ஏழுக்குப் பக்கத்தில் டயலில் பழுப்பாக ஒரு கறை. மிளகு அளவுதான். நான் அழுத அழுகையில் அப்பா சிரித்துவிட்டார். "போனா போவுது, சரஸ்வதி வச்ச பொட்டுன்னு நெனச்சுக்க" என்றார். நீ அப்போதே சொன்னாய்: "டயலை மாத்திடலாம்பா, புதுசா இருந்தாத்தான் மதிப்பு." அப்பா கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார்.

அவர் போவதற்கு ஒரு வாரம் முன்பு கடிகாரத்தைக் கழற்றி, "இது சின்னவளுக்கு" என்றார். நீயும் அண்ணியும் பக்கத்தில் நின்றீர்கள். ஆம்பிளை வாட்ச் இவளுக்கு எதற்கு என்று நீ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

எதையும் உள்ளபடி விட உனக்குத் தெரியாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டருக்கு நீலப் பெயிண்ட் அடித்து, அது விளக்குக்குள் வழிந்து, ராத்திரியில் வெளிச்சம் வராமல் பண்ணினாய். அம்மாவின் ஒரே போட்டோவைக் கடையில் கொடுத்துக் கன்னத்தில் ரோஜா நிறம் பூசி வாங்கி வந்தாய். அதற்குப் பிறகு அது யாரோ சினிமாக்காரி மாதிரி ஆயிற்று. கேட்டால், "அழகா இருக்குல்ல?" என்பாய். ஆமாம் என்று சொல்கிற வரைக்கும் விட மாட்டாய்.

என்னையும் விட்டாயா? எனக்கு இருபத்தெட்டு வயதில் ஒரு வரன் வந்தது. இங்கேயே துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவர், அமைதியான ஆள், எனக்குப் பிடித்திருந்தது. வயது அதிகமென்று என் ஜாதகத்தையே மூன்று வருடம் குறைத்துப் புதிதாக எழுதி வாங்கினாய். அவருடைய அம்மாவும் நம் அம்மாவும் காரைக்காலுக்குப் பிரசவத்துக்குப் போய் ஒரே தெருவில் பிள்ளை பெற்றவர்கள், என் வயது அந்த அம்மாளுக்குத் தெரியும் என்பதுகூட உனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மாள் மாரியம்மன் கோயில் வாசலில் என்னை நிறுத்தி, "இருபத்தெட்டுன்னு சொல்லியிருந்தா சந்தோசமா கட்டியிருப்போம்டி. இப்ப ஒங்க வீட்ல எத நம்புறது?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். "எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான் பாப்பா" என்றாய். இருபத்தெட்டு வயதில் பாப்பா!

அதற்கப்புறம் நான் உன் வீட்டில் தையல்காரி. பக்கத்து வீட்டு வியட்நாமியப் பெண்களுக்கு அவர்களுடைய நீள அங்கியான ஆவ் ஸாய் தைத்துக் கொடுப்பேன். அண்ணியின் சமையலறைக்கும் குழந்தைகளின் படுக்கைக்கும் நடுவில் என் மெஷின். ராணுவ லாரிகள் தெருவில் போகும்போது மெஷினும் சேர்ந்து ஆடும். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் நான் விளக்கைப் போட்டால் அவள் ஒரு பெருமூச்சு விடுவாள். தான் தின்கிற சோற்றுக்கு அடுத்தவர் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? சைகோனில் 'தான் திங்' என்கிற பேட்டையின் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. முன்னால் மெஷின் போடலாம், பின்னால் கட்டில் போடலாம். அந்தக் கடைக்கு முன்பணம் கொடுக்க என்னிடம் இருந்தது அப்பாவின் கடிகாரம் ஒன்றுதான். விற்பதென்று முடிவு செய்தேன். அப்பா இருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பார்.

சிக்லோ ரிக்‌ஷா பிடித்து நானே சோலோனுக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. அங்கே பழைய கடிகாரம் வாங்கி விற்கிற ஒரு சீனர் இருந்தார், காது கொஞ்சம் மந்தம். பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பின்மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். ஏழுக்குப் பக்கத்துக் கறையை நகத்தால் சுட்டி என்னவென்று கேட்டார். சாமிக்கு வைத்த சந்தனம் என்றேன். சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார். பிறகு ஒரு விலை சொன்னார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. கடையும் வரும், இரண்டாவது மெஷினும் வரும். "ஹாங்காங்கிலிருந்து வருகிற என் வாடிக்கையாளர் யாரும் கைவைக்காத டயலைத்தான் தேடுகிறார். கறை பரவாயில்லை. இரண்டு வாரத்தில் வருவார், அப்போது கொண்டுவா. அதுவரை எதுவும் செய்யாதே" என்றார். வியட்நாமிய மொழியில் இரண்டு தடவை சொன்னார். எதுவும் செய்யாதே.

நான் செய்த தப்பு, சந்தோஷம் தாங்காமல் அன்று சாப்பாட்டில் உன்னிடம் சொன்னது. நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாய்: "கறையோடவே இவ்வளவு தர்றானா?" அந்தக் கேள்வியிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து, நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் பெட்டியைத் திறந்து கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போனாய். நாலு நாள் அதைக் காணாமல் நான் அண்ணியிடம் சண்டை போட்டேன், குழந்தைகளை மிரட்டினேன். ஐந்தாம் நாள் நீ வந்து மடியில் போட்டாய். பளபளவென்று இருந்தது. டயல் பால் வெள்ளை. எண்கள் தடித்துக் கறுப்பாக. ஏழுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கடிகாரக் கூட்டின் ஓரங்களில் இருந்த கூர்மையெல்லாம் போய், சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி வழுவழுவென்று. "நூறு வாட்டி சொன்னேன், புதுசா இருந்தாத்தான் மதிப்புன்னு. என் கைக்காசு போட்டுப் பண்ணிருக்கேன். இப்ப ரெண்டு பங்கு கேப்போம்" என்றாய்.  நன்றிகூட வரவில்லை என்று உனக்குக் கோபம் வேறு.

சீனரிடம் நீயும் வந்தாய், பேரம் பேசுவதற்கு. அவர் கண்ணாடியைச் செருகிப் பார்த்த உடனே எடுத்துவிட்டார். என்னைத்தான் பார்த்தார், உன்னை இல்லை. "ஏன்?" என்று கேட்டார். நீ முந்திக்கொண்டு, புதிதாக்கியிருக்கிறோம், விலையைச் சொல்லுங்கள் என்றாய். அவர் பொறுமையாக உனக்குக் காட்டினார். கண்ணாடியை உன் கையில் கொடுத்து, பார் என்றார். வினாடி வட்டத்தின் கோடு ஐந்தாம் எண்ணின் வாலில் ஏறியிருந்தது. கம்பெனிப் பெயரின் கடைசி எழுத்து மற்றவற்றைவிடக் குட்டையாக இருந்தது. நிமிடக் கோடுகள் ஒரு பக்கம் நெருக்கம், ஒரு பக்கம் அகலம். பின்மூடியில் இருந்த எண் பாலிஷில் பாதி தேய்ந்திருந்தது. "கறை இருந்தால் கறைக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு விலை சொல்வேன். இதில் எதைக் கழிப்பது? உள்ளே மெஷின் அருமை. மெஷினுக்கு மட்டும் தருகிறேன்" என்றார். முன்பு சொன்னதில் கால்வாசிகூட இல்லை. அந்தக் கால்வாசியில் கடையின் கதவைக்கூடத் திறக்க முடியாது.

இந்தப் புதுச் சாயத்தைக் கழுவிவிட முடியுமா என்று நான் கேட்டேன். அசலைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் இதைப் பூசியிருக்கிறார்கள் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த வார்த்தையோடு என் சந்தனம் போயிற்று, அப்பாவின் சிரிப்பு போயிற்று, கடையும் போயிற்று.

நீ என்ன செய்தாய்? "அடிமாட்டு வெலைக்குக் கேக்குறான் பாப்பா, ஏமாத்துக்காரன்" என்று தமிழில் சத்தம் போட்டாய். வேறு இரண்டு கடைக்கு இழுத்துக்கொண்டு போனாய். இருவரும் அதையேதான் சொன்னார்கள். வெயிலில் நின்று அந்த மூன்று பேரையும் திட்டினாயே தவிர, தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததா? அன்று அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் நான் ஆயுளுக்கும் உன் வீட்டு மூலையிலேயே தைத்துக்கொண்டு கிடந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ, நாம் 'முசியே' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற சவரிமுத்துவைக் கூட்டி வந்தாய். அப்பாவோடு துவானில் வேலை பார்த்தவர், புதுச்சேரிக்காரர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். பூசை முடிந்து தேவாலயத்திலிருந்து நேராக வந்தார், கையில் தொப்பியோடு. அப்பாவின் கையில் பார்த்த நாளிலிருந்து அந்தக் கடிகாரத்தின்மேல் அவருக்கு ஆசை. நீ காப்பி கொடுத்தாய். சீனர் முதலில் சொன்ன விலையை அப்படியே சொன்னாய். அவர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏழுகிட்ட ஒரு கறை இருந்துச்சே தம்பி? ஒங்கப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே" என்றார்.

"அது கண்ணாடியில இருந்த அழுக்கு முசியே. தொடச்சோம், போயிடுச்சு."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. அப்பா கட்டியிருந்த அதே டயல்தானே?"

நீ என்னைப் பார்த்தாய். உன் கண்ணில் கடை தெரிந்தது, கட்டில் தெரிந்தது, ரெண்டாவது மெஷின் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் என்னுடையது.  ஆனாலும் சொன்னேன்: "இல்ல முசியே. சோலோன்ல அசலைச் சுரண்டிட்டுப் புதுசா எழுதினது. அப்பா கட்டியிருந்த டயல் இப்ப இல்ல."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "இவளுக்குக் கண்ணாடி எது, டயல் எதுன்னே தெரியாது முசியே. அப்பா சாமானை விக்கிறோமேன்னு மனசு கேக்கல, அதான் எதையாச்சும் சொல்லித் தடுக்குறா. பொம்பளப் புள்ள." அவரும் சிரித்தார். பாவம், இளகிய மனசு; என் தலையைத் தொட்டு, "பத்திரமா வச்சுக்குவேன்மா, கவலப்படாத" என்றார். பதினைந்து வருடத்துக்கு மேல் தினமும் காலையில் சாவி கொடுத்தவளுக்குக் கண்ணாடி எது, டயல் எது என்று தெரியாதாம். அவர் அதை நம்பினார். அன்றே வாங்கிக்கொண்டு போனார்.

பணத்தை நீ என்னிடம் எப்படிக் கொடுத்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மேலே பணத்தை வைத்து, அண்ணியையும் பக்கத்தில் நிறுத்தி, சீர் கொடுக்கிற மாதிரி. "அண்ணன் சொன்னத செஞ்சேன் பாத்தியா?" என்றாய். நான் தட்டைத் தள்ளிவிட்டிருக்கலாம். அண்ணி அன்றைக்கு நல்ல புடவை கட்டியிருந்தாள், நான் போகப்போகிறேன் என்ற நிம்மதி அவள் முகம் முழுக்க இருந்தது. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.

கடை போட்டேன். நன்றாக ஓடியது. ஒரு வருடம் இருக்கும், முசியே சவரிமுத்து இரண்டு கால்சட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தார். உடம்புக்கு முடியாமல் இளைத்திருந்தார், இடுப்பைப் பிடிக்க வேண்டும். அளவெடுக்கும்போது கையில் கடிகாரம் இல்லை. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"கண்ணாடி ஆடுதுன்னு சோலோன்ல ஒரு சீனர்கிட்ட குடுத்தேம்மா. அவருக்கு ஒன்ன ஞாபகம் இருக்கு. எல்லாம் சொன்னாரு."

நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள், கடையையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஏதேதோ உளறினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ சொன்னியே. நாந்தான் காதுல வாங்கல. ஒன் மேல என்ன தப்பு? இடுப்ப ரெண்டு விரல் பிடிச்சுக் குடு, போதும்."

தையல்கூலி வேண்டாம் என்றேன். மேசைமேல் வைத்துவிட்டு, "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அன்றே கடையைப் பூட்டிவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள், தெரிந்துதான் விற்றேன் என்று மட்டும் சொல்லுங்கள், பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். நீ ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தாமல், "வாங்குனவரே ஒண்ணும் சொல்லல. ஒனக்கு என்ன வந்துச்சு? கட நடக்குதா இல்லையா?" என்றாய்.

கடை நடந்தது, அண்ணே. அதுதான் கொடுமை.  இரண்டு வருடத்தில் முசியே போய்விட்டார். அடக்கத்துக்கு நீ வந்தாய், பளபளக்கிற ஷூவோடு, எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாய். சைகோன் வடக்குப் படையின் கைக்கு மாறுவதற்கு முன்னால் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதங்களை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு பாரிஸுக்கு விமானம் ஏறினாய். என்னையும் கூப்பிட்டாய், இல்லையென்று சொல்லவில்லை. உன் வீட்டு மூலையில் இன்னொரு தடவை உட்கார எனக்குத் தெம்பில்லை. மெஷினோடு இங்கேயே நின்றுவிட்டேன்.

போன மாதம் உன் மகன் பாரிஸிலிருந்து போன் பண்ணினான். தமிழை இன்னும் விடவில்லை, நல்ல பையன். "அத்தே, அப்பாவுக்குத் திவசம் வருது. எல்லாரும் ஆளுக்கு நாலு வரி எழுதறோம். நீங்களும் எழுதுங்க. அப்பா எப்பவும் சொல்லுவாரே, 'என் தங்கச்சிக்கு சைகோன்ல நாந்தான் கட வச்சுக் குடுத்தேன்'னு. அத எழுதுங்க, புள்ளைங்க கேக்கட்டும்."

எப்பவும் சொல்வாயாமே. ஒவ்வொரு பொங்கலுக்கும், வந்தவர் போனவரிடமெல்லாம். பொய் என்று எப்படிச் சொல்வேன்? அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நீதான் வைத்துக் கொடுத்தாய். முப்பத்தைந்து வருடம் அந்தக் கடையில்தான் யாருடைய பெருமூச்சும் கேட்காமல் சாப்பிட்டேன், தூங்கினேன். ஒரு நாள்கூட உனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள்கூடக் கடையை விட்டு எழுந்து வரவும் மனசு வரவில்லை.

அவனுக்கு நாலு வரி எழுதி நேற்று அனுப்பிவிட்டேன். நல்லதாகத்தான் எழுதினேன். தங்கையின்மேல் உயிரையே வைத்திருந்த அண்ணன், கையில் இருந்ததைப் போட்டுக் கடை வைத்துக் கொடுத்தவர் என்று எழுதினேன். முசியே சவரிமுத்துவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. உன் பேரப்பிள்ளைகள் கேட்டுப் பெருமைப்படுவார்கள். அன்றைக்கு உன் வீட்டுக் கூடத்தில் உன் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னவள் நான்தான். இந்தத் தடவை என்னைத் தடுக்க யாருமே இல்லை, சிரிக்கவும் யாரும் இல்லை. அப்படியும் என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் உன்மேல் வைத்திருந்த கோபத்தை இனி யார்மேல் வைப்பதென்று தெரியாமல்தான், அண்ணே, உனக்கு இதை எழுதுகிறேன்.